பார்க்கலாம்காரரின் புது வருஷம்

சம்பளப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. குடியிருப்பில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. நேரில் பேசினால் 'சூப்பர்வைசர் சார்'. முதுகைத் திருப்பினால் 'பார்க்கலாம்காரர்'. லிஃப்ட் நடுவில் நின்றுபோனால், பார்க்கலாம்காரரைக் கூப்பிடு என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. கோபப்பட்டதில்லை. கோபப்படலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்று அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு அவர்தான் பராமரிப்பு. கீழ்த்தளத்தில் பம்ப் அறையை ஒட்டி அவருக்கென்று ஒரு அறை. ஒரு மேஜை, கைப்பிடி ஒன்று போன நாற்காலி, சுவர் முழுக்கச் சாவிகள். பம்ப் ஓடும்போது மேஜைமேல் வைத்த டீ கிளாஸ் தானாக நகரும். எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதை வைத்தே பம்பின் உடல்நிலையைச் சொல்லிவிடுவார். எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் ஓடி எங்கே வளைகிறது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சோம்பேறி என்று அவரை யாரும் சொல்ல முடியாது. வேலையைச் செய்துவிடுவார். செய்கிறேன் என்று மட்டும் சொல்ல மாட்டார், அதுதான் சங்கடம்.

"சார், சமையலறைக் குழாய் ஒழுகுது."

"பாக்கலாம்."

மறுநாள் காலையிலேயே ஆளும் வாஷருமாக வாசலில் வந்து நிற்பார்.

"சார், மொட்டை மாடியில நாலு தொட்டி வச்சுச் செடி வளக்கலாமா?"

"பாக்கலாம்."

அது அதோடு சரி. கிணற்றில் போட்ட கல். செடிக்கு ஆசைப்பட்டவர் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு வேறு இடத்துக்கே போய்விட்டார்.

இரண்டுக்கும் ஒரே சொல், ஒரே குரல், ஒரே முகம். எது நடக்கிற பார்க்கலாம், எது நடக்காத பார்க்கலாம் என்று கண்டுபிடிக்க ஆளுக்கொரு சூத்திரம் வைத்திருந்தார்கள். தலையை ஆட்டிக்கொண்டே சொன்னால் நடக்கும் என்பது ஒரு கட்சி. சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டு சொன்னால் நடக்காது என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் மாறி மாறித் தோற்றுக்கொண்டிருந்தன.

அவருடைய அப்பா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற மனுஷர். முடியாது, முடியாது என்று சொல்லியே பாதிச் சொந்தத்தைப் பகைத்துக்கொண்டவர். வீட்டுக்கு வந்தவர்கள் முகம் தொங்கிப்போய்ப் படியிறங்குவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளை, யாரையும் பகைக்காத சொல்லாக ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அந்தச் சொல்லில் ஆமாமும் கிடையாது, இல்லையும் கிடையாது. கேட்டவர் முகம் வாடினாலும் அவரவர் வீட்டுக்குப் போய்த்தான் வாடும். இவர் பார்க்க வேண்டியதில்லை. இப்படி ஒரு வசதியான சொல் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

கல்யாணத்துக்கே அவர் சரி என்று சொன்னதில்லை. கேட்டது அவர் மனைவிதான். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஒருநாள் பஸ் வரத் தாமதமானது. "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டுவிட்டாள். அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே, "பாக்கலாம்" என்றார். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு வீட்டில் போய்ச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. உள்ளுக்குள் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அதையும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவளாகத்தான் ஊகித்துக்கொண்டாள்.

அவளுடைய வேலையோ இவர் சுபாவத்துக்கு நேர் எதிர். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறாள். நாள் முழுக்க உள்ளறை இருட்டில் ஆட்களை உட்கார வைத்து, எழுத்துப் பலகையைப் பார்க்கச் சொல்லி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பதுதான் பிழைப்பு. கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் கண்ணாடி கிடையாது. திணறுகிறவர்களை அவள் அவசரப்படுத்த மாட்டாள். மறுபடி மாற்றிப் போட்டு மறுபடி கேட்பாள். எப்பேர்ப்பட்ட குழப்பப் பேர்வழியும் கடைசியில் "ரெண்டாவதுதான்" என்று ஒப்புக்கொண்டுதான் எழுந்திருப்பார். அவளுடைய கணவர் ஒருவரைத் தவிர.

அவருக்குக் கண் மங்கியபோது அவளே சோதித்தாள்.

"இது நல்லா இருக்கா?"

"பரவாயில்ல."

"அப்ப முன்னாடி போட்டது?"

"அதுவும் மோசமில்ல."

"ரெண்டுல எதுங்க?"

"நீ எது போட்டாலும் சரிதாம்மா."

வேறு வழியில்லாமல் அவள் உத்தேசமாக ஒரு பவரைப் போட்டுக் கொடுத்தாள். அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு வருஷம் அவர் படிக்கட்டில் இடறி இடறி நடந்தார். தலை சுற்றுகிறதா என்று கேட்டால், சுற்றுகிற மாதிரியும் இருக்கிறது என்பார். கடையில் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு காலை. அவர் வாசலில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் தோளில் பையை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"என்னங்க, எங்க கடைக்காரங்க கடலோரமா ஒரு ஊர்ல புதுக் கிளை திறக்குறாங்க. அதுக்கு என்னைப் பொறுப்பா இருக்கச் சொல்றாங்க. வீடும் அவங்களே பாத்துக் கொடுப்பாங்களாம். போலாமான்னு ஒரு யோசனை. நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார். "பாக்கலாம்" என்றார்.

அவள் கொஞ்சம் நின்றாள். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். அப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. ஒரு பேச்சை யாரும் எடுக்காவிட்டால் அது தானாகத் தீர்ந்துவிட்டது என்பது அவர் கணக்கு.

இவர்களுக்கு ஒரே மகள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கம்பெனியில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பிரிவில் இருந்தாள். அங்கே கற்றுக்கொண்ட வித்தைகளை அவ்வப்போது வீட்டிலும் இறக்கிப் பார்ப்பாள். வருஷத்தின் கடைசி நாள் சாயங்காலம் மூன்று பேரும் சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தார்கள். சோற்றில் கை வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"இந்த வருஷம் நீங்களா முடிவு பண்ணிச் செஞ்சது ஒண்ணு சொல்லணும். அடுத்தவங்க சொல்லிச் செஞ்சது கணக்குல சேராது. அப்புறம் வர்ற வருஷத்துக்கு ஒண்ணு."

"முதல்ல சாப்பிட விடுடி" என்றாள் அம்மா.

"சாப்பிட்டுக்கிட்டே சொல்லலாம்மா. நான் முடியைக் குட்டையா வெட்டிக்கிட்டேன். யாரையும் கேக்கல. நீங்க?"

"நான் உங்க சித்தி வீட்டுக்கு நானாவே போய்ப் பேசினேன். அவளா வரட்டும்னு உக்காந்திருந்தா இந்த ஜென்மத்துல நடக்காது."

"சூப்பர். அப்பா?"

அவர் யோசித்தார். நிறைய நடந்த வருஷம்தான். பெரிய பம்பை மாற்றினார். ஆனால் அது எரிந்துபோனதால் மாற்றினார். லிஃப்டுக்குப் புதுக் கம்பி போட்டார். சோதிக்க வந்த அதிகாரி போட்டே ஆக வேண்டும் என்றதால் போட்டார். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார், வலி பொறுக்காமல். படுக்கையறைக்கு நீல வண்ணம் அடித்தாரே, அது? மூன்றாவது கட்டடத்துக்கு அடித்த பிறகு மீந்துபோன வண்ணம் அது. மீந்தது பச்சையாக இருந்தால் அறையும் பச்சையாக இருந்திருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார். கெட்டுப்போனதெல்லாம் மாறியிருக்கிறது, மற்றவர்கள் சொன்னதெல்லாம் நடந்திருக்கிறது. இது வேண்டும், இது வேண்டாம் என்று அவராகச் சொன்னது ஒன்றுகூடக் கைக்கு அகப்படவில்லை. போன வருஷத்துக்கும் போய்த் தேடினார். அங்கேயும் அதே கதை. மனசுக்கு என்னவோ போலாகிவிட்டது. காலியாகிவிட்ட தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

மகளுக்கே பாவமாகிவிட்டது. "சரி விடுங்கப்பா. வர்ற வருஷத்துக்கு உங்களுக்கு நான் ஒண்ணு தர்றேன். வருஷம் முழுக்கப் பாக்கலாம்னு சொல்லக் கூடாது. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. முடியுமா?"

"பாக்கலாம்" என்றார்.

மகள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். கைவேலையாக இருக்கிறாள், அதனால் சிரிக்கவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"முடியும்" என்று மகளிடம் திருத்திச் சொன்னார்.

தண்ணீருக்கு வருஷப் பிறப்பு தெரியாது. மறுநாளும் அவர் வேலைக்குப் போனார். முதலில் வந்தவர் எலக்ட்ரீஷியன்.

"சார், வெள்ளிக்கிழமை லீவு வேணும். மாமனாருக்கு ஆபரேஷன்."

வழக்கமாக இவர் பார்க்கலாம் என்பார், அவர் அதை லீவு கொடுத்ததாக எடுத்துக்கொண்டு போவார். இத்தனை வருஷமாக அந்த ஏற்பாடு ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. இன்றைக்கு நாக்கு நுனிவரை வந்த சொல்லை மென்று விழுங்கிவிட்டு, "சரி, போயிட்டு வா" என்றார்.

எலக்ட்ரீஷியன் நகரவில்லை. "என் மேல ஏதும் கோபமா சார்?"

"இல்லையே."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"இல்ல, பட்டுனு சரின்னுட்டீங்க. அதான் கேட்டேன்." போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அடுத்து குடியிருப்போர் சங்கச் செயலாளர். காலை நடைக்குப் போய்விட்டு வருகிற வழியில் இவரைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர்த் தொட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமையே கழுவிவிடலாமே என்றார். முந்தின நாள் வரைக்கும் என்றால் ஒரு பார்க்கலாமைப் போட்டுவிட்டு, ஆள் கிடைக்கிற நாளில் கழுவியிருப்பார். இப்போது அந்தச் சொல் இல்லாமல் வெறுங்கையோடு நின்றார். பதற்றத்தில் "சரி சார்" என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சரி என்று சொன்னால் கூடவே ஒரு நாளும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மத்தியானம் மூன்றாவது மாடிக்காரர் எதையோ கேட்கிற முகத்தோடு வருவதைப் பார்த்ததும், ஜெனரேட்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வயது ஐம்பதைத் தாண்டிய மனுஷர்.

இரண்டாம் நாள் வந்தவர் பாட்டு டீச்சர். நான்காவது மாடி, முழங்கால் வலிக்காரர். தரைத்தளத்தில் பூட்டியே கிடக்கும் வீடு ஒன்றை வாடகைக்குக் கேட்டுச் சொல்லுங்கள் என்று இவரிடம் எப்போதோ சொல்லி வைத்திருந்தார். பார்க்கும்போதெல்லாம் நினைவுபடுத்துவார்.

"புது வருஷமும் பிறந்தாச்சு. அந்தக் கீழ்வீடு என்ன சார் ஆச்சு?"

சாவிக்கொத்து இவர் கையில் இருந்தது. அதைத் தடவாமல் மேஜைமேல் வைத்தார். "கிடைக்காதும்மா. வீட்டுக்காரர் வாடகைக்கு விட மாட்டேன்னுட்டார்."

"எப்ப சொன்னார்?"

"நீங்க முதல் தடவை கேட்டப்பவே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்" என்றார் பாட்டு டீச்சர். "பக்கத்துத் தெருவுல எனக்கு ஒரு கீழ்வீடு வந்துச்சு. இங்கேயே கிடைச்சுடும்னு அதை விட்டுட்டேன். நீங்க தலையை ஆட்டிக்கிட்டே பாக்கலாம்னு சொன்னீங்க. அப்படிச் சொன்னா நடக்கும்னு எல்லாரும் சொன்னாங்க."

"நான் சும்மா ஆட்டியிருப்பேம்மா."

"லிஃப்ட் நின்ன நாளெல்லாம் உக்காந்து உக்காந்து ஏறினேன் சார்." திட்டவில்லை. "போகட்டும், இப்பவாவது சொன்னீங்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அறைக்குள் வந்து உட்கார்ந்தார். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. யாரையும் நோகடிக்காத சொல் என்றல்லவா இதை இத்தனை காலம் வைத்திருந்தோம் என்று நினைத்தார். எலக்ட்ரீஷியன் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். செடிக்காரர் இல்லை என்று எடுத்துக்கொண்டு போனார். டீச்சர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு ஏமாந்தார். கேட்டவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்களே தவிர, இவர் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை.

அப்போதுதான் ஷூ நாடாவும் அந்தக் காலையும் நினைவுக்கு வந்தன. அவள் 'சரி' என்று சொல்லிவிட்டுப் போனாளே, எதற்குச் சரி?

கல்யாணத்துக்குச் சொன்ன பார்க்கலாமை ஆமாம் என்று எடுத்துக்கொண்டவள்தானே, இதையும் அப்படியே எடுத்துக்கொண்டிருப்பாள் என்று தேற்றிக்கொண்டார். ஏற்பாடெல்லாம் செய்துவிட்டு, சொல்லச் சமயம் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படியே இருந்தாலும் இவர் பதில் என்ன? கண்ணை மூடிக்கொண்டு தன்னையே கேட்டார். போகலாமா, வேண்டாமா? அங்கே போனால் இவர் யார்? இங்கே அத்தனை சாவியும் இவர் கையில். அங்கே இந்த வயதில் ஏதோ ஒரு குடியிருப்பில் போய் வேலை கேட்டு நிற்க வேண்டும். எந்தக் குழாய் எங்கே வளைகிறது என்று முதலிலிருந்து படிக்க வேண்டும். பயமாக இருந்தது. நன்றாகவே பயமாக இருந்தது.

கேட்டபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். தெரியவில்லை. குனிந்திருந்தாரே, எப்படித் தெரியும்? ஆனால் குரல் நினைவிருந்தது. 'போலாமான்னு ஒரு யோசனை' என்று ஒப்புக்குச் சொல்கிற குரல் இல்லை அது. இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவள் வேறு எதைக் கேட்டிருக்கிறாள் என்று தேடினார். மகளுக்குக் கேட்டிருக்கிறாள், வீட்டுக்குக் கேட்டிருக்கிறாள், இவருடைய பல்லுக்கும் கண்ணுக்கும் கேட்டிருக்கிறாள்.

போகலாம் என்று முடிவு செய்தார். கூடவே ஒரு சந்தோஷம் வந்து தொற்றிக்கொண்டது. யாரும் சொல்லாமல், எதுவும் கெட்டுப்போகாமல் அவராகவே எடுத்த முடிவு. சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியவில்லை. சாவிகளை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தார். அவர் மறுபடியும் உடம்புக்கு என்ன என்று கேட்டார். பதில் சொல்ல நிற்காமல் கண்ணாடிக் கடைக்கு நடந்தார்.

கடையில் வாடிக்கையாளர்களுக்குப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளறையிலிருந்து அவள் குரல் கேட்டது. இது தெளிவா, அது தெளிவா? யாரோ யோசித்தார்கள். அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். பின்னாலேயே வந்த மனைவி இவரைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, கண்ணாடி உடைஞ்சிருச்சா?"

"இல்ல. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வீட்டுல வந்து சொல்லக் கூடாதா?"

"இப்பவே சொல்லணும்."

உள்ளே கூட்டிப்போனாள். உட்கார அங்கே ஒரு நாற்காலிதான், கண் சோதிக்க வருகிறவர்கள் உட்காருவது. அதில் உட்கார்ந்தார். அவள் நின்றபடி லென்ஸ்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடலோர ஊருக்குப் போலாம்" என்றார். "நல்லா யோசிச்சுட்டேன். எனக்குப் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் போலாம். எனக்குச் சம்மதம்."

அவள் கை நின்றது. "அது முடிஞ்சு போச்சுங்க" என்றாள்.

"எது?"

"அந்த வேலை. வேற ஒருத்தரைப் போட்டாச்சு. நேத்து வந்து சேந்துட்டாங்க."

"உன்னைத்தானே கேட்டாங்க?"

"நான்தான் வரலைன்னு சொல்லிட்டேன். நீங்க ஷூ போட்டுக்கிட்டு இருந்தீங்களே, அன்னைக்கு மத்தியானமே."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேட்டேனே."

அவருக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. "நான் வேண்டாம்னு சொல்லலையேம்மா."

"உங்க வேண்டாம் எனக்குத் தெரியாதா?" என்றாள். அதில் கோபம் இல்லை, பழகிப்போன குரல்தான். "உங்களுக்கு அந்த இடத்தை விட்டு வர மனசில்ல. அதைச் சொல்லி என்னை நோகடிக்கவும் மனசில்ல. ரெண்டையும் யோசிச்சுத்தான் அப்படிச் சொல்றீங்கன்னு எடுத்துக்கிட்டேன். மனுஷன் நமக்காக இவ்வளவு யோசிக்கிறாரே, நாம விட்டுக்கொடுத்தா என்னன்னு விட்டுட்டேன். அதுக்கென்ன இப்ப, போகட்டும்."

ஆமாம் என்று சொன்னால் போதும். எல்லாம் அப்படியே அடங்கிவிடும். அவள் இவரைப் பற்றி எவ்வளவு நல்லவிதமாக நினைத்து வைத்திருக்கிறாள் என்பது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள எவனுக்கு மனசு வரும்? வாயைத் திறந்து மூடினார். மறுபடி திறந்தார்.

"நான் யோசிக்கல" என்றார்.

"என்ன?"

"அன்னைக்கு நான் எதையும் யோசிக்கல. வேண்டாம்னுகூட நினைக்கல. முடிச்சு சரியா விழுந்துச்சான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்."

அவள் துணியை மேஜைமேல் வைத்தாள். இவரையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நீங்க வேண்டாம்னு நினைச்சிருந்தாக்கூட எனக்குப் பரவாயில்லைங்க" என்றாள். "ஒண்ணுமே நினைக்காததுக்கா நான் விட்டுக்கொடுத்தேன்?"

தப்புதான் என்று சொல்லலாம், சொன்னால் அவள் சரி விடுங்கள் என்பாள். அப்படிச் சொல்ல வைத்துவிட்டு நழுவிப் போகத்தான் அவருக்குப் பழக்கம். இன்றைக்கு அதற்குக் கூச்சமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"உனக்குப் போகணும்னு இருந்துச்சா?"

நாளெல்லாம் அடுத்தவர் பதிலுக்குக் காத்திருக்கிறவள், தன் பதிலைச் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இருந்துச்சு" என்றாள். "ரொம்ப இருந்துச்சு. எனக்குன்னு ஒரு கடை மாதிரி. கதவைத் திறக்குறதும் நான், மூடுறதும் நான். போர்டு எங்க மாட்டணும், பெஞ்சு எந்தப் பக்கம் போடணும்கிற வரைக்கும் யோசிச்சு வச்சிருந்தேன்."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே கடைக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"இனிமே நான் கேக்கப் போறதில்லைங்க" என்றாள். "மறுபடி ஒண்ணு வருமோ வராதோ. வந்தா, போறேன்னு சொல்லிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். கூட வர்றதும் வராததும் நீங்க முடிவு பண்ணிக்குங்க."

"வர்றேன்" என்றார்.

"எங்கன்னே தெரியாம சொல்றீங்க."

"தெரியாமத்தான் சொல்றேன். வர்றேன்."

அவள் அதை நம்பினாளா இல்லையா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. "எந்திரிங்க, ஆள் வந்திருக்காங்க" என்றாள்.

அவர் எழுந்து வெளியே வந்து மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். கடை மூடும்வரை அங்கேயே இருந்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்துதான் வீட்டுக்கு நடந்தார்கள். வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.